நங்கூரம் மார்க் முகம்

மாசிலாமணி நகர் என்றதும் ஏதோ பெரிய பட்டணம் என்று நினைத்துவிட வேண்டாம். திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகிற ரோட்டில், ஒரு ரைஸ்மில்லுக்கும் ஒரு கல்யாண மண்டபத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒற்றைத் தெருதான் அது. ஆனால் அந்தத் தெருவுக்கு ஒரு நலச்சங்கம் உண்டு, சங்கத்துக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பும் ஒரு தண்ணீர் மோட்டாரும் உண்டு, உயிரோடு இருக்கிறவரை ஒருவனை ஏறெடுத்தும் பார்க்காமல் செத்த மறுநாள் பதினைந்தடி ஃப்ளெக்ஸில் அவனுக்காகக் கண்ணீர் விடுகிற நல்ல பழக்கமும் உண்டு.

அந்தத் தெருவில் பூவலிங்கம் என்று ஒருவன் குடியிருந்தான். பஜாரில் ஒரு பெயிண்ட் கடையில் கலர் கலந்து கொடுப்பது அவன் வேலை. எல்லோரையும் போல அவனுக்கும் ஒரு முகம் இருந்தது, ஆனால் அது யார் மனதிலும் நிற்காத முகம். வருசக்கணக்காகப் பால் ஊற்றுகிற பால்காரர் ஆவுடையப்பன்கூட மாதத்துக்கு ஒருமுறை அவனைப் பார்த்து, "புதுசா குடி வந்திருக்கியளோ?" என்று அன்பாக விசாரிப்பார். அவன் மனைவி வடிவுக்கு மட்டும் அந்தச் சிரமம் இருந்ததில்லை. தேரோட்டத்தில் தலைகள் எள் போட்டால் எள் விழாமல் நெருக்கி நிற்கும்போதும் நேரே அவனிடம் வந்து சட்டைக் கையைப் பிடித்து இழுப்பாள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால், "ஏன், முகம்னு ஒண்ணு இருக்குல்லா" என்பாள்.

பூவலிங்கத்துக்கு ஒரு கோளாறு உண்டு. எதையும் நாலோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அவனால் ஒன்றை வாங்க முடியாது. நல்லெண்ணெய் வாங்கப் போனால் நாலு கடையில் உள்ளங்கையில் ஊற்றி முகர்ந்துவிட்டு, கடைசியில் முதல் கடைக்கே திரும்பி வருவான், அந்தக் கடைக்காரரும் அவனை முதல்முறை பார்ப்பதுபோல வரவேற்பார். இப்படிப்பட்டவன் பழைய சாமான் சந்தையில் ஒரு பித்தளை ஷேவிங் செட்டைப் பார்த்துவிட்டான், அடியில் திருகினால் தலைப்பக்கம் ரெட்டைக் கதவு திறக்கிற அந்தக் காலத்து ரேசர் அது. அன்றிலிருந்து அவனுடைய போனில், வெளிநாட்டில் வேறு வேலை இல்லாத பெரிய மனிதர்கள் கன்னத்தில் நுரையோடு உட்கார்ந்து, எந்த ப்ளேடு பூப்போல இறங்கும், எந்த ப்ளேடு இழுக்கும் என்று வேதாந்த விசாரம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். ரேசர் ஒன்றாக இருந்தால் போதாது, ப்ளேடு பலவாக இருக்கவேண்டும் என்று அவர்கள் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, பல தேசத்து ப்ளேடுகள் கலந்த ஒரு பொட்டலத்தைத் தபாலில் வரவழைத்தான். ஒன்றின் உறையில் ஒட்டகம், ஒன்றில் கரடி, ஒன்றில் நங்கூரம், இன்னும் என்னென்னவோ.

முதலில் ஒட்டகம். வெந்நீரில் பிரஷ்ஷை நனைத்து, வட்ட சோப்பில் சுழற்றி நுரை பொங்கவைத்து, முடி போகிற போக்கில் ஒருமுறையும் எதிர்ப்போக்கில் ஒருமுறையும் வழித்து, படிகாரம் தேய்த்து, துண்டால் துடைத்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தபோது, அங்கே மூன்று வருசத்துக்கு முன்னால் செத்துப்போன ஹெட்மாஸ்டர் சற்குணம் நின்றுகொண்டிருந்தார். நல்ல ப்ளேடுதான், எரிச்சலே இல்லை, என்று பூவலிங்கம் நினைத்துக்கொண்டான்.

காபியோடு வந்த வடிவு, "வாங்க சார், உக்காருங்க, அவுக குளிச்சுக்கிட்டு இருக்காவ" என்றாள். செத்தவர் வீடு தேடி வந்தால் காபியில் சர்க்கரை போடலாமா என்று ஒரு யோசனைதான் அவளுக்கு, ஏனென்றால் ஹெட்மாஸ்டருக்குச் சர்க்கரை வியாதி.

"ஏட்டி, நாந்தான்" என்றார் ஹெட்மாஸ்டர், பூவலிங்கத்தின் குரலில்.

வடிவு பின்னால் போய்ப் பார்த்தாள். பனியனில் முதுகுப்பக்கக் கிழிசல் அதே இடத்தில் இருந்தது. "சரி, காபியக் குடிங்க, ஆறிப்போவுது" என்று சொல்லிவிட்டுச் சர்க்கரையைப் போட்டாள்.

அன்று பால் வாங்கப் போன பூவலிங்கத்தைப் பார்த்து மாசிலாமணி நகரே எழுந்து நின்றது. பேரன் பேத்தி எடுத்த ஆண்கள் சிகரெட்டைச் செருப்புக்கடியில் போட்டு மிதித்தார்கள், தொந்திக்கு மேல் சட்டையை இழுத்துச் செருகப் பார்த்தார்கள், ரைஸ்மில் முதலாளி கையை நீட்டிக்கொண்டு வந்து பிரம்படிக்கு நின்றார். "நான் பூவலிங்கம்" என்று அவன் சொல்லிப் பார்த்தான். குரல் அவனுடையதுதான். ஆனால் மாசிலாமணி நகரில் குரலை யார் கேட்டார்கள்? அவன் பூவலிங்கம்தான் என்று சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, தெரிந்த பிறகும் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றார்கள்.

மறுநாள் கரடி ப்ளேடு. அதில் செத்துப்போன டீக்கடை மாடசாமி வந்தார். அதற்கு மறுநாள், போதும் இந்த விளையாட்டு என்று, பெட்டிக்கடையில் வாங்கிய பழைய பிளாஸ்டிக் ரேசரை எடுத்து வழித்துப் பார்த்தான். மயிர் போயிற்று, மாடசாமி போகவில்லை. பொட்டலத்து ப்ளேடு ஒன்று கொண்டுவந்த முகம் அதே பொட்டலத்தின் அடுத்த ப்ளேடு படுகிறவரை இருந்தது, அடுத்த ப்ளேடு அடுத்த செத்தவரைக் கொண்டுவந்தது, அவ்வளவுதான் கணக்கு. இது ஏன் இப்படி என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. கரண்ட் ஏன் போகிறது, தண்ணீர் ஏன் வருவதில்லை என்பதற்கே காரணம் கேட்டுச் சலித்துப்போன தெரு அது.

ஆனால் இந்த அதிசயத்தை என்ன வேலைக்கு வைத்துக்கொள்வது என்பதில் தெரு ஒரு நாளையும் வீணாக்கவில்லை. சங்கச் செயலாளர் ஞானதிரவியம், ரிட்டயர் ஆன பிறகு உத்தரவு போட ஆள் கிடைக்காமல் உடம்பு மெலிந்துபோயிருந்தவர், அன்றே கூட்டம் போட்டார்.

"வே பூவலிங்கம், மூஞ்சி உம்மதா இருக்கலாம். அதுல வாறவங்க எல்லாரும் தெருவுக்குப் பொதுவானவங்க. அத மறந்துராதியும்" என்றார்.

அப்படியாக, தெருமுனையில் குப்பை கொட்டுவதைத் தடுக்க ஒட்டகம் போட்டு ஹெட்மாஸ்டர் நிறுத்தப்பட்டார், புதுவீடு பால் காய்ச்சினால் கரடி போட்டு மாடசாமி முன்வரிசையில் உட்காரவைக்கப்பட்டார். செவ்வாயும் வெள்ளியும் சவரம் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஆகவே திங்கட்கிழமை வழித்த முகம் செவ்வாயும் இருக்கும், வியாழக்கிழமை முகம் வெள்ளியும் இருக்கும். ஒரு சவரத்தில் இரண்டு நாள் முகம் கிடைக்கிறதென்றால் விடுவார்களா? திங்களுக்கும் வியாழனுக்கும் அடிதடி. அண்ணன் தம்பி பேசாமல் போனார்கள், ஒரு நிச்சயதார்த்தம் புதன்கிழமையிலிருந்து வியாழனுக்குத் தள்ளிவைக்கப்பட்டது, ஜோசியர் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

நங்கூரம் மார்க் ப்ளேடு போட்ட அன்றுதான் தெரு உண்மையிலேயே ஆடிப்போனது. வந்தவர் சங்கத்தின் பழைய தலைவர் அருணகிரி. மோட்டார் ரூம் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு, தனக்கு வணக்கம் வைக்காத வீட்டுப் பக்கம் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொண்ட மகான் அவர். அவர் செத்த அன்று தெருவில் பல வீடுகளில் ரகசியமாகப் பாயசம் வைத்தார்கள் என்பதும், அதே வீடுகள்தான் பதினைந்தடி ஃப்ளெக்ஸில் 'எங்கள் தாகம் தீர்த்த தெய்வமே' என்று போட்டன என்பதும் எல்லோரும் அறிந்தது. இப்போது அந்த முகம் மறுபடி தெருவில் நடந்தபோது, பாயசம் வைத்தவர்கள்தான் முதலில் காலில் விழுந்தார்கள்.

அருணகிரியின் மனைவி கோமதியம்மாள் அழுது மயங்கி விழுவாள் என்று எதிர்பார்த்து, தண்ணீர்ச் செம்போடு ஒரு கூட்டம் பூவலிங்கத்தை அவள் வீட்டு வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனது. கோமதியம்மாள் கதவைத் திறந்து, அந்த முகத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"இப்பத்தான் நான் டிவியச் சத்தமா வச்சுப் பாக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். உள்ளே டிவியின் சத்தம் இன்னும் கொஞ்சம் கூடியது.

வடிவுக்கு ஆரம்பத்தில் சிரிப்பாகத்தான் இருந்தது. வாரம் ஒரு புருசன் யாருக்குக் கிடைக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரிகள் கேலி பேசும்போது அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் ஒருநாள் அவனுக்குச் சோறு போட்டுவிட்டு நிமிர்ந்தவள், எதிரே மாடசாமி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் கரண்டியை அப்படியே வைத்துவிட்டு அழுதாள். "எனக்கு உங்க முகம் வேணும். எங்க வச்சிருக்கியளோ, போயி எடுத்துட்டு வாங்க" என்றாள்.

பூவலிங்கமும் தேடத்தான் செய்தான். பொட்டலத்தில் அதுவரை பிரிக்காத மார்க்குகளை ஒன்றுவிடாமல் போட்டுப் பார்த்தான். கம்பவுண்டர் வந்தார், சீட்டாட்டத்தில் செத்தவர் வந்தார், யாருக்குமே அடையாளம் தெரியாத ஒரு மீசைக்காரர்கூட வந்தார், அவருக்கும் யாரோ ஒருவர் மரியாதையாக நாற்காலி போட்டார், ஆனால் பூவலிங்கம் மட்டும் வரவில்லை. சரி, அந்த முகம் எப்படித்தான் இருந்தது என்று பார்க்கலாமென்று கல்யாண ஆல்பத்தை எடுத்தார்கள். ஒரு படத்தில் மாலை மறைத்திருந்தது, ஒரு படத்தில் தாய்மாமன் மறைத்திருந்தார், மறைக்க ஆள் கிடைக்காத ஒரே படத்தில் அவன் தும்மிக்கொண்டிருந்தான். அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், எல்லோருடைய அட்டையிலும் இருக்கிற அதே ஆள்தான் அதிலும் இருந்தான். பூவலிங்கம் கண்ணாடி முன்னால் நின்று தன் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தான். வரவில்லை. அவனுக்கும் அது மனதில் நிற்காத முகமாகத்தான் இருந்திருக்கிறது.

இந்த நேரத்தில் வடிவு முழுகாமல் இருந்தாள். செய்தி பரவியதும் தெருவில் எல்லோருக்கும் சந்தோசம், அப்புறம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரு திடுக்கிடல். பெண்டாட்டி பிள்ளை உண்டாகி மூன்று மாதம் நிறைந்த பிறகு புருசன் முகத்தில் கத்தி படக்கூடாது. அவர்கள் குடும்பத்தில் அது மீற முடியாத வழக்கம். அப்படியானால், தாடி விடுவதற்கு முன்னால் கடைசியாக எந்த ப்ளேடு படுகிறதோ, அந்த முகம்தான் பிள்ளை பிறக்கிறவரை.

கடைசிச் சவரம் யாருக்கு என்று மறுபடி கூட்டம். ஹெட்மாஸ்டர் கட்சி, மாடசாமி கட்சி என்று தெரு பிரிந்து கத்தியது. பின்தெருக்காரர்கள் நம் குழாயில் திருட்டு இணைப்புப் போட்டிருப்பதால் அவர்களை மிரட்ட அருணகிரிதான் சரி என்று ஞானதிரவியம் தீர்ப்புச் சொன்னார்.

வடிவு கூட்டத்துக்கே போய்க் கேட்டாள். "அண்ணாச்சி, மாசமா இருக்கவ எந்த முகத்தப் பாத்துக்கிட்டு இருக்காளோ அந்த ஜாடையிலதான பிள்ள பொறக்கும்? சுவத்துல குழந்த படம் மாட்டச் சொல்லுதவங்க நீங்கதான? எம் பிள்ளைக்கு அவுக அப்பா முகம் வேண்டாமா?"

"தலைவர் ஜாடையில ஒரு பிள்ள பொறந்தா அது தெருவுக்கே பெருமை தாயீ" என்றார் ஞானதிரவியம். கூட்டம் கைதட்டியது.

அப்போதாவது பூவலிங்கம் வாயைத் திறந்து முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து யாரும் திரும்பிப் பார்க்காத மனிதன் அவன். இந்தச் சில மாதங்களாகத்தான் தெருவில் நடந்தால் நாலு பேர் வணக்கம் வைக்கிறார்கள், வணக்கம் வேறு யாருக்கோ என்றாலும் அதை வாங்கிக்கொள்வது அவன்தானே. அந்தத் திங்கட்கிழமை காலையில் வீட்டுவாசலில் கூட்டம் நிற்க, ஞானதிரவியம் தன் கையாலேயே நுரை பொங்கவைத்துக் கொடுக்க, அவன் நங்கூரம் மார்க் ப்ளேடைப் போட்டு வழித்துக்கொண்டான். துடைத்துவிட்டு உள்ளே வந்தபோது வடிவு அவனைப் பார்க்கவில்லை.

"உங்களுக்குக் கும்புடு வேணும், எனக்கு உங்க முகம் வேணும். ரெண்டுல நீங்க எத எடுத்தியன்னு நான் மறக்க மாட்டேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அன்று மத்தியானம் கோமதியம்மாள் ஒரு தூக்குச் சட்டியில் புளியோதரையோடு வந்தாள். வடிவின் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொடுத்தாள். "கண்ண மூடிக்கோ தாயீ. அந்த மூஞ்சியோட நான் காலம் பூரா அப்படித்தான் குடும்பம் நடத்தினேன்" என்றாள்.

வடிவு கண்ணை மூடினாள். மூடியதும் உள்ளே பூவலிங்கம் நின்றான், இடதுபுருவம் கொஞ்சம் ஏறியும் வலதுகாது கொஞ்சம் விடைத்தும், தேரோட்டக் கூட்டத்தில் அவளைக் காணாமல் முழித்துக்கொண்டு நிற்கிற அதே முகத்தோடு. அன்றிலிருந்து அவள் அவனோடு பேசும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணை மூடிச் சோறு போட்டாள், கண்ணை மூடிச் சண்டை போட்டாள், கண்ணை மூடிக்கொண்டே அவன் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்து, "உதைக்குது பாருங்க" என்றாள். அருணகிரியின் கண்ணிலிருந்து பூவலிங்கத்தின் கண்ணீர் வழிந்து தாடிக்குள் போனது.

ஆமாம், தாடி. அது வளர வளர அருணகிரியின் முகத்தில் ஒரு தெய்வக்களை வந்துவிட்டதாகத் தெரு கண்டுபிடித்தது. பின்தெருக்காரர்கள் அந்தத் தாடியைப் பார்த்துப் பயந்து திருட்டுக் குழாயைத் தாங்களே பிடுங்கிவிட்டார்கள். அப்புறம் கேட்கவேண்டுமா, மோட்டார் ரூம் வாசலில் விளக்கு ஏற்றினார்கள், வியாழக்கிழமை சுண்டல் கொடுத்தார்கள், மோட்டார் சுவிட்சுக்குச் சந்தனம் வைத்து அது இரண்டுமுறை ஷாக் அடித்தபோது அதையும் அருள் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. ஆஸ்பத்திரி வராந்தாவில் தெரு முழுக்கத் திரண்டு நின்றது. தலைவரின் மூக்கு வந்திருக்கிறதா, தலைவரின் நெற்றி வந்திருக்கிறதா என்று ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள், கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள், குழந்தையைத் திருப்பிக்கூடப் பார்த்தார்கள்.

"தலைவர் ஜாடை இல்லையே" என்றார் ஞானதிரவியம். "ஹெட்மாஸ்டர் ஜாடையும் இல்ல. எங்கயும் பாத்த மூஞ்சியாவே தெரியலையே வே."

ஏமாற்றத்தோடு எல்லோரும் பஸ் ஏறிப் போனார்கள். வடிவு பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், பல மாதங்களுக்குப் பிறகு கண்ணைத் திறந்துகொண்டே புருசனைக் கூப்பிட்டாள். பூவலிங்கம் குனிந்து பார்த்தான். இடதுபுருவம் கொஞ்சம் ஏறியிருந்தது. வலதுகாது கொஞ்சம் விடைத்திருந்தது.

"நான் இப்படியா இருந்தேன்?" என்று கேட்டான். "நல்லாத்தான இருந்திருக்கேன்!"

"அத நான் சொன்னா கேட்டியளா?" என்றாள் வடிவு.

பெயர் வைக்கிற நாளில் தாடி எடுக்கவேண்டும். பொட்டலத்தில் மழுங்காமல் மிச்சமிருந்தது ஒரே ஒரு ப்ளேடு, அதுவும் நங்கூரம். வடிவு சுவரில் இருந்த கண்ணாடியைக் கழற்றித் திருப்பி வைத்தாள். அது மாட்டியிருந்த ஆணிக்கு நேரே ஒரு ஸ்டூலைப் போட்டு, பிள்ளையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "இவ முகத்தப் பாத்து வழிங்க" என்றாள்.

பூவலிங்கம் பிள்ளையின் கன்னத்தைப் பார்த்துத் தன் கன்னத்தில் ரேசரை இறக்கினான், பிள்ளையின் மோவாயைப் பார்த்துத் தன் மோவாயை வழித்தான். பிள்ளை கொட்டாவி விட்டபோது நிறுத்திக்கொண்டு, அது வாயை மூடிய பிறகு தொடர்ந்தான். முடி போகிற போக்கில் ஒருமுறை, எதிர்ப்போக்கில் ஒருமுறை. படிகாரம் தேய்த்துத் துண்டால் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது வடிவு அவன் ஈரக்கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் அவன் பால் வாங்கப் போனான். யாரும் எழுந்து நிற்கவில்லை. ஆவுடையப்பன் பாலை ஊற்றிவிட்டு, "புதுசா குடி வந்திருக்கியளோ?" என்று கேட்டார். பூவலிங்கத்துக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

தெரு தலைவரைத் தேடியது. ஞானதிரவியம் வந்து கேட்டபோது, "நாந்தான் பூவலிங்கம்" என்று அவனே சொன்னான், "அவுகதான் இவுக" என்று வடிவும் சொன்னாள். ஞானதிரவியம் அவன் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, புருசனை இழந்த பெண் என்னமாவது சொல்லத்தான் செய்வாள், பாவம், ஒத்தாசைக்கு ஊரிலிருந்து அண்ணன்காரன் வந்திருப்பான் போல, என்று முடிவுகட்டிக்கொண்டு போனார். தலைவரின் முகம் தெருவில் இல்லை என்றால் பூவலிங்கம் போய்ச் சேர்ந்துவிட்டான் என்றுதானே அர்த்தம்?

மூன்றாம் நாள் தெருமுனையில் பதினைந்தடி ஃப்ளெக்ஸ் நின்றது. 'மாசிலாமணி நகரின் மறக்க முடியாத முகமே!' என்று கொட்டை எழுத்து, கீழே பூவலிங்கம் என்று பெயர். படம் யாரிடமும் இல்லாததால் அருணகிரியின் பழைய ஃப்ளெக்ஸிலிருந்த படத்தையே எடுத்துத் தாடி வரைந்து போட்டிருந்தார்கள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பூவலிங்கமும் இரங்கல் கூட்டத்துக்குப் போய்க் கடைசியில் நின்றான். எல்லோரும் பேசினார்கள், எல்லோரும் அழுதார்கள், ரைஸ்மில் முதலாளி விக்கி விக்கி அழுதார். பேசி முடித்துவிட்டு வந்த ஞானதிரவியம், மூக்கைச் சிந்திக்கொண்டே அவன் பக்கத்தில் நின்றார்.

"நீரு இப்பத்தான வந்தீரு, அவரப் பாத்திருக்க மாட்டீரு. தங்கமான மனுசன் வே. என்ன முகம், என்ன முகம்!"

"எப்படி இருப்பாரு?" என்று கேட்டான் பூவலிங்கம்.

ஞானதிரவியம் வாயைத் திறந்தார். ஃப்ளெக்ஸைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கையிலிருந்த டீயைப் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

பிள்ளை பசியில் சிணுங்கியது. அப்போது கூட்டத்தின் அந்தக் கோடியிலிருந்து, அழுகிறவர்களையும் அழுவதுபோல நிற்கிறவர்களையும் விலக்கிக்கொண்டு, அக்கம்பக்கம் தேடாமல், வடிவு நேரே அவனிடம் வந்து சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "செத்தது போதும், வாங்க வீட்டுக்கு" என்றாள்.